கப்பலும் பாலமும்

ஜூன் 25ஐ ஒட்டி வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், அமெரிக்காவில் உள்ள கொரியச் சபைகள் பலவற்றில் ஆராதனை முடிந்ததும் ஒரு விருந்து நடக்கும். 1950இல் வடகொரியப் படை 38ஆம் அட்சக்கோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கிய நாள் அது. விருந்துக்கு அழைக்கப்படுபவர்கள் அந்தப் போரில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்கள். அன்று இருபது வயதுக்காரர்கள், இன்று தொண்ணூறைத் தாண்டியவர்கள். மகளோ பேரனோ கைபிடித்து அழைத்து வந்தால்தான் உண்டு. கொரியப் பாரம்பரிய உடையான ஹன்போக் உடுத்திய பிள்ளைகள் பாடுவார்கள், இரு நாட்டுத் தேசிய கீதங்களும் ஒலிக்கும், புல்கோகி, ஜப்சே என்று கொரிய உணவு பரிமாறப்படும், நீங்கள் வராமல் போயிருந்தால் இன்று நாங்கள் இல்லை என்று சபையின் மூப்பர் ஒருவர் எழுந்து சொல்வார். எழுபது வருடத்துக்கு முந்தைய உதவியை மறக்காதவர்களைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? ஆனாலும் இந்த நன்றி நகர மண்டபத்தில் சொல்லப்படுவதற்கும் ஆலயத்துக்குள் சொல்லப்படுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. தன் போர்களை நியாயப்படுத்தியாக வேண்டிய கட்டாயம் அரசாங்கத்துக்கு உண்டு. வீரனுக்கு அது சொல்லும் நன்றியில் அந்தக் கணக்கும் கலந்திருக்கும். பகைவனையும் நேசிக்கச் சொல்லும் வேதத்தைக் கையில் வைத்திருக்கும் சபைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அப்படியானால் அது எதற்கு நன்றி சொல்கிறது, வந்த மனிதனுக்கா, அவன் போரிட்ட போருக்கா? மனிதனுக்குத்தான் என்றால், அவன் செய்த நல்லதைப் போலவே அவன் மனதில் கிடக்கும் கெட்டதையும் கேட்டுக்கொள்ளச் சபை தயாராக இருக்க வேண்டும். அப்படிக் கேட்க முடிந்த நன்றியே ஆலயத்துக்குரிய நன்றி என்பது என் வாதம்.

முதலில் எழக்கூடிய சந்தேகம் இது: குடியேறியவர்களின் நன்றி எல்லாமே ஒருவகை நுழைவுக் கட்டணம்தானே? பெரும்பான்மையினர் போற்றும் சின்னத்தைத் தாங்களும் போற்றி, நாங்கள் நல்ல குடியேறிகள் என்று காட்டிக்கொள்வதுதானே? கொஞ்சம் உண்மை இதில் இருக்கலாம். ஆனால் கொரியச் சபைகளின் வரலாறு இதற்கு முழுக்க ஒத்துவரவில்லை. 1907இன் எழுப்புதலுக்குப் பிறகு கொரியக் கிறிஸ்தவத்தின் மையமாக இருந்தது வடக்கேதான்; பியோங்யாங்கைக் கிழக்கின் எருசலேம் என்றே அழைத்தார்கள். 1945க்குப் பிறகு அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்ததும் போதகர்களும் விசுவாசிகளும் தெற்கே ஓடிவந்தார்கள். சியோலில் போதகர் ஹான் கியுங்-சிக் 1945 டிசம்பரில் தொடங்கிய யங்னாக் சபை அப்படிப்பட்ட அகதிகளின் சபை. போர் மூண்டபோது தெற்கும் விழுந்திருந்தால் இந்த மக்களுக்கு ஓட வேறு இடமில்லை. ஆக, அமெரிக்காவில் கால் வைப்பதற்கு வெகுமுன்பே நன்றி சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. அமெரிக்காவோ அப்போது அவர்களை வரவேற்கவும் இல்லை. 1952இல் சட்டம் மாறும் வரை, அயோவாவிலிருந்து போன பையன் கொரியாவில் சாகலாம், கொரியாவில் பிறந்தவர் அயோவாவில் வாழ்ந்தாலும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது என்பதே நிலை. 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகே அவர்கள் பெருமளவில் வந்தார்கள், வந்த இடமெல்லாம் சபை கட்டினார்கள். அமெரிக்கக் கொரியர்களில் 71 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள் என்று பியூ ஆய்வு மையம் 2012இல் கணக்கிட்டது. தென்கொரியாவிலேயே அந்த விகிதம் அதில் பாதிக்கும் குறைவு. இவர்களுடைய நன்றியைப் பசப்பு என்று ஒதுக்குபவர் இந்த வரிசையைக் கவனிக்கவில்லை.

அந்த நன்றி எதன்மேல் நிற்கிறது என்பதற்கு வடகொரியாவின் ஹுங்னாம் துறைமுகத்தைப் பார்க்கலாம். சீனப்படை போருக்குள் நுழைந்த பிறகு, 1950 டிசம்பரில், சோசின் நீர்த்தேக்கப் பகுதியிலிருந்து அமெரிக்கப் படை கடற்கரைக்குப் பின்வாங்கியது. ஏறத்தாழ 1,05,000 வீரர்களையும் அவர்களுடைய தளவாடங்களையும் கப்பலேற்றுவதுதான் உத்தரவு. ஆனால் பனியில் துறைமுகத்தை நோக்கி வந்து குவிந்தது சுமார் ஒரு லட்சம் பொதுமக்கள். ஐ.நா. படையை வரவேற்றவர்கள், கிறிஸ்தவர்கள், அணுகுண்டு விழப்போகிறது என்று பயந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. அவர்களை ஏற்றப் படைத்தளபதி எட்வர்ட் ஆல்மண்ட் முதலில் இசையவில்லை. அவரிடம் ஆலோசகராக இருந்த, வர்ஜீனியாவில் படித்துத் திரும்பிய ஹியுன் போங்-ஹாக் என்ற கொரிய மருத்துவரும், மரைன் படைக் கர்னல் எட்வர்ட் ஃபோர்னியும் விடாமல் கேட்டுக் கேட்டு மனதை மாற்றினார்கள். கடைசி நாட்களில் மெரிடித் விக்டரி என்ற சரக்குக் கப்பலின் கேப்டன் லெனர்ட் லாரூ தன் கப்பலில் ஆட்களை ஏற்றச் சம்மதித்தார். அவருக்கு வயது 36. பன்னிரண்டு பயணிகளுக்கு மட்டுமே இடமுள்ள அந்தக் கப்பல், அடித்தளத்தில் விமான எரிபொருள் பீப்பாய்களோடு, 14,000 பேரை ஏற்றிக்கொண்டு டிசம்பர் 23 அன்று கண்ணிவெடிகள் மிதந்த கடலில் புறப்பட்டது. சரக்குத் தட்டுகளில் மரப்பலகை போட்டு ஆட்களை இறக்கி, மேலே மூடி, அடுத்த தட்டையும் அப்படியே நிரப்பினார்கள். மருத்துவர் இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை, சாப்பாடும் தண்ணீரும் கிட்டத்தட்ட இல்லை. பூசான் துறைமுகம் இடமில்லை என்று திருப்பி அனுப்பியது. கோஜே தீவில் கரையிறக்கினார்கள். வழியில் ஒருவரும் சாகவில்லை. ஐந்து குழந்தைகள் பிறந்தன. பெயர் தெரியாததால் மாலுமிகள் அந்தக் குழந்தைகளைக் கிம்ச்சி ஒன்று, கிம்ச்சி இரண்டு என்று எண்ணிட்டுக் கூப்பிட்டார்கள்.

நான்கு வருடம் கழித்து லாரூ கடலை விட்டு நியூஜெர்சி மாநிலம் நியூட்டனில் உள்ள புனித பவுல் மடத்தில் பெனடிக்டைன் துறவியாகச் சேர்ந்தார். சகோதரர் மரீனஸ் என்ற பெயரில் பல பத்தாண்டுகள் அங்கே வாழ்ந்தார்; கப்பலைப் பற்றி மிகக் குறைவாகவே பேசினார். மடத்தில் ஆள் குறைந்து இழுத்து மூடும் நிலை வந்தபோது, அதை எடுத்து நடத்த முன்வந்தது தென்கொரியாவின் வேக்வான் மடம். வேக்வான் மடமே, வடக்கில் டோக்வோன் மடம் 1949இல் ஒழிக்கப்பட்ட பிறகு தெற்கே வந்துசேர்ந்த கொரியத் துறவிகள் 1952இல் தொடங்கியதுதான். லாரூ 2001 அக்டோபரில் இறந்தார், அவர் வாழ்ந்த மடம் கொரியர்களின் பொறுப்புக்குப் போனது. அவருக்குப் புனிதர் பட்டம் வழங்குவதற்கான நடைமுறை 2019இல் தொடங்கப்பட்டது. குடியேறிய சமயச் சமூகம் ஒன்று நன்றியைக் காட்டியதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கவனிக்க வேண்டியது, இங்கே யாரும் போரைப் பாராட்டவில்லை. ஒரு மனிதர் வாழ்ந்த இடம் மூடப்படாமல் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். (லாரூ படைவீரரும் இல்லை, வணிகக் கப்பல்காரர் என்பது வேறு விஷயம்.)

இங்கே தத்துவக்காரர் ஒருவர் குறுக்கே வருவார். உதவி என்பது கொடுத்த பொருளில் இல்லை, கொடுத்தவனின் மனதில் இருக்கிறது என்றார் ரோமானியச் சிந்தனையாளர் செனெகா. தாமஸ் அக்வினாஸும் அதை ஏற்றுக்கொண்டார். லாரூவுக்கு அந்த மனம் இருந்தது, சரி. விருந்துக்கு வரும் வீரர்களுக்கு? போர் நடந்த மூன்றாண்டுகளில் 15 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் கட்டாய ஆள்சேர்ப்பில் படைக்கு இழுக்கப்பட்டார்கள். கொரியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டத் தெரியாத பையன்கள். போகாவிட்டால் சிறை என்பதால் போனார்கள். விரும்பிச் செய்யாத உதவிக்கு எப்படி நன்றிக்கடன் வரும்? எதிர்வாதம் வலுவானதுதான். ஆனால் இது கடனைக் கொடுத்தவன் பக்கமிருந்து மட்டும் அளக்கிறது. திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் அதிகாரம் பெற்றவன் பக்கமும் நின்று அளக்கிறது. உதவியின் அளவு அதைப் பெற்றவரின் தகுதியைப் பொறுத்தது என்பது அங்கே தனிக் குறளாகவே நிற்கிறது. கட்டாயத்தில் போனவனுக்கும் போன இடத்தில் சில விஷயங்கள் அவன் கையில் இருந்தன. தண்ணீர்ப் புட்டியை அகதிக்குக் கொடுப்பதா வேண்டாமா, குழந்தையைத் தூக்குவதா விடுவதா, சுடு என்ற உத்தரவு வரும்போது துப்பாக்கியை எங்கே நீட்டுவது. படைக்குப் போனதற்காக எல்லோருக்கும் மொத்தமாகச் சொல்லும் நன்றி செனெகாவின் கேள்வியில் அடிபட்டுப் போகும். அங்கே போய் அவன் என்ன செய்தான், என்ன பட்டான் என்று கேட்டுத் தெரிந்து சொல்லும் நன்றி அடிபடாது. அப்படிக் கேட்கத் தொடங்கினால் நல்லது மட்டும் வராது என்பதுதான் சிக்கல்.

1950 ஜூலை கடைசி வாரத்தில், தென்கொரியாவின் நோகுன்-ரி என்ற சிற்றூரின் ரயில் பாலத்தடியில், அமெரிக்காவின் 7ஆம் குதிரைப்படை ரெஜிமென்ட் வீரர்கள் அகதிகள்மேல் நாள் கணக்கில் சுட்டார்கள். அகதிகளோடு எதிரிப் படையினர் மாறுவேடத்தில் ஊடுருவுகிறார்கள் என்ற பீதி அப்போது பரவியிருந்தது. இறந்தவர்களில் பெண்களும் பிள்ளைகளும் அதிகம். தென்கொரிய அரசு 2005இல் 163 பேரை இறந்தவர்கள் அல்லது காணாமல் போனவர்கள் என்று பெயர் குறித்து உறுதிசெய்தது. உண்மையான தொகை அதைவிட அதிகம் என்பதே உயிர்தப்பியவர்களின் கணக்கு. தன் இரு குழந்தைகளை அங்கே இழந்த முன்னாள் போலீஸ்காரர் சுங் உன்-யோங் பல பத்தாண்டுகள் மனுப்போட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. 1999இல் அசோசியேட்டட் பிரஸ் நிருபர்கள், அந்த ரெஜிமென்டின் முன்னாள் வீரர்களையே பேசவைத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2001 ஜனவரியில் அதிபர் கிளின்டன் வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை. நினைவுச்சின்னத்துக்கும் கல்வி உதவிக்கும் அமெரிக்கா தர முன்வந்த பணத்தை, அது நோகுன்-ரிக்கென்று இல்லாமல் போரில் இறந்த குடிமக்கள் அனைவருக்கும் பொதுவானது என்பதால், உயிர்தப்பியவர்கள் வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதே அதிகாரத்தில் இன்னொரு குறளும் உண்டு. கொலைக்கு ஒப்பான கேட்டைச் செய்தவரானாலும் அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தக் கேடு மறைந்துவிடும் என்பது அதன் கருத்து. ஹுங்னாமை நினைத்து நோகுன்-ரியை மறந்துவிடலாம் என்று சொல்ல ஒருவருக்கு இந்தக் குறள் கைகொடுப்பதுபோலத் தோன்றும். கொடுக்காது. நன்மையையும் கேட்டையும் அனுபவித்தது ஒரே ஆளாக இருந்தால்தான் அந்தக் குறள் பொருந்தும். என்மேல் விழுந்த அடியை, எனக்குக் கிடைத்த உதவியை நினைத்து நான் மறக்கலாம். கப்பலில் ஏறியவர் வேறு, பாலத்தடியில் கிடந்தவர் வேறு. கப்பலில் ஏறியவரின் பேரன், பாலத்தடியில் இறந்த குழந்தையின் சார்பில் எதையும் மறக்க உரிமை பெற்றவன் இல்லை. ஹுங்னாமுக்குள்ளேயேகூட இந்த இரண்டும் சேர்ந்திருந்தன. லட்சம் பேரை ஏற்ற இறுதியில் சம்மதித்த ஆல்மண்ட், தன் கீழிருந்த கறுப்பின வீரர்களை இழிவாக நடத்தியதற்காக இன்றும் பேசப்படுகிறவர். கடைசிக் கப்பல் போனதும் அந்தத் துறைமுகத்தை அமெரிக்கப் படை வெடிவைத்துத் தகர்த்தது. வடக்கே விழுந்த குண்டுகளை நினைத்தால் கணக்கு இன்னும் பெரிதாகும்: போர் முழுக்க அமெரிக்கா கொரியாவின்மேல் கொட்டியது சுமார் 6,35,000 டன். அவை விழுந்த ஊர்களில் பல, இந்தச் சபையினரின் தாத்தா பாட்டி பிறந்த ஊர்கள்.

இவ்வளவையும் கேட்டவர், வீரனை வாழ்த்துவோம், போரைப் பற்றிப் பேசாமல் விடுவோம் என்று முடித்துக்கொள்ளப் பார்ப்பார். இது கௌரவமான வழிபோலத் தெரியும். எனக்கு இது போதாது, ஏனென்றால் வீரன் போரைத் தன்னோடு ஆலயத்துக்குள் கொண்டுவருகிறான். இதைப் பழைய கிறிஸ்தவம் நன்றாகவே அறிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசாரியாவின் ஆயர் பேசில், போரில் கொல்வதைக் கொலை என்று முன்னோர் எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொண்டே, கை சுத்தமில்லாததால் அப்படிப்பட்டவர்கள் மூன்று ஆண்டு திருவிருந்தில் பங்குகொள்ளாமல் இருப்பது நல்லது என்று எழுதினார். 1066இல் ஹேஸ்டிங்ஸ் சண்டையில் வென்ற நார்மன் வீரர்களுக்கு, வென்ற பக்கத்து ஆயர்களே தவ ஒறுத்தல் விதித்தார்கள்: கொன்ற ஒவ்வொரு ஆளுக்கும் ஓராண்டு. எத்தனை பேரைக் கொன்றோம் என்று தெரியாதவர்கள் வாழ்நாள் முழுக்க வாரத்தில் ஒருநாள் ஒறுத்தல் செய்ய வேண்டும், இல்லையென்றால் கோயில் கட்டவோ கட்டியதற்குக் கொடை கொடுக்கவோ வேண்டும். வெற்றி தங்களுடையது, மன்னன் தங்களுடையவன். ஆனாலும் கைதட்டி அனுப்பிவிடவில்லை. இதைத் தண்டனை என்று மட்டும் படிப்பவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள். நீ அங்கே செய்தது கனமானது என்று எங்களுக்குத் தெரியும், அதை இறக்கிவைக்க ஒரு இடமும் முறையும் எங்களிடம் இருக்கிறது என்று சொல்வதும் அதில் இருந்தது. தட்டில் விருந்து வைத்து, வீரர்களே வாழ்க என்று மட்டும் சொல்லி அனுப்பும் சபை அந்த இடத்தைத் தருவதில்லை. நோகுன்-ரியில் சுட்ட ஒருவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால், சாப்பிட்டு, நன்றி சொல்லிக்கொண்டு, வாயைத் திறக்காமலே வீட்டுக்குப் போவார்.

தொண்ணூறு வயதுக் கிழவரைக் கூப்பிட்டுவைத்துப் பாவக்கணக்குக் கேட்பதா என்று ஆத்திரப்படுபவர்கள் இருப்பார்கள். கேட்கச் சொல்லவில்லை. அவருக்குச் சொல்லத் தோன்றினால் சொல்லக்கூடிய சூழ்நிலையை அமைக்கச் சொல்கிறேன், அது விசாரணையாகாது. அன்றைய பொது ஜெபத்தில் ஹுங்னாமுக்கு நன்றி ஏறெடுப்பவர் அடுத்த வாக்கியத்தில் நோகுன்-ரியின் பெயரையும் சொன்னால் போதும், அந்தக் கதவு திறந்துவிடும். ஒறுத்தல் முறையெல்லாம் கத்தோலிக்க வழக்கம், பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அந்நியம் என்றும் சிலர் சொல்லக்கூடும். கொரியப் பிரஸ்பிட்டேரியன்களுக்கு இதில் சொந்தமாகவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. ஜப்பானிய ஆட்சியில், 1938இல், அவர்களுடைய பொதுச்சபை போலீஸ் நெருக்கடிக்குப் பணிந்து ஷிண்டோ ஆலய வணக்கத்தை அனுமதித்தது. பணியாதவர்களில் பலர் சிறையில் செத்தார்கள். பணிந்தவர்களில் யங்னாக் சபையின் ஹான் கியுங்-சிக்கும் ஒருவர். 1992இல் அவருக்கு டெம்பிள்டன் பரிசு கிடைத்ததைக் கொண்டாடக் கூடிய கூட்டத்தில், எல்லோரும் தன்னைப் புகழ வந்திருந்தபோது, அந்தக் கிழவர் எழுந்து தான் ஷிண்டோ ஆலயத்தில் வணங்கிய பாவி என்று அறிக்கையிட்டார். நன்றியும் பாவ அறிக்கையும் ஒரே கூட்டத்தில் இருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்கு அவருடைய சபையாரே பதில் சொல்லிவிடலாம்.

அந்தச் சபைக்கே அறிக்கையிட வேண்டிய வேறு கணக்கும் உண்டு. வடக்கிலிருந்து வந்த கிறிஸ்தவ இளைஞர்கள் பலர் சேர்ந்த, கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அமைப்பான வடமேற்கு இளைஞர் கழகத்தில் யங்னாக் இளைஞர்களும் இருந்தார்கள். 1948இல் தொடங்கிய, தென்கொரியாவின் ஜெஜு தீவுப் படுகொலையில் அந்தக் கழகத்தின் பங்கு இன்று மறைக்க முடியாதது. இறந்தவர்கள் 25,000 முதல் 30,000 வரை என்பது அரசு ஆணைக்குழுவின் மதிப்பீடு. தன்னைக் காப்பாற்றியவரின் குற்றத்தைப் பேசாத சபை தன் குற்றத்தையும் அதே மூச்சில் பேசாமல் விடுகிறது. இதைவிட நெருக்கமான மறதி ஒன்றும் இருக்கிறது. 1950க்கும் 1989க்கும் இடையில் அமெரிக்கப் படைவீரர்களை மணந்துகொண்டு ஏறத்தாழ ஒரு லட்சம் கொரியப் பெண்கள் அமெரிக்கா வந்தார்கள். 1965க்குப் பிறகு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் என்று குடும்பங்களை அழைத்துக்கொண்டது பல இடங்களில் இந்தப் பெண்கள்தான். படைத்தளங்களை ஒட்டிய ஊர்களின் கொரியச் சபைகள் பலவற்றில் தொடக்க உறுப்பினர்களும் அவர்களே. ஆனால் படைத்தள வாசலில் பாலியல் தொழில் நடந்த குடியிருப்புகளில் இருந்து வந்தவர்களோ என்ற சந்தேகக் கண்ணோடுதான் அந்தச் சபைகளே அவர்களைப் பார்த்தன. உடன் உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர்களும் உண்டு. வீரனை மேடையேற்றி, வீரனின் மனைவியைக் கடைசி வரிசைக்கு ஒதுக்கிய சபைக்கு நன்றி என்றால் என்ன என்ற கேள்வியை வேறு யாரும் எழுப்பத் தேவையில்லை. சபை அங்கே உட்கார்ந்திருப்பதற்குக் காரணமே அந்தப் பெண்.

மிஞ்சியிருப்பது அரசியல் எதிர்வாதம். வடக்கில் இன்னும் அதே ஆட்சி, சபைகள் இன்னும் மண்ணுக்கடியில். இந்த நேரத்தில் அமெரிக்க வீரர்களின் குற்றங்களைப் பேசினால் அது யாருக்கு லாபம் என்று மூப்பர்கள் கேட்பார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது, நான் அதை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோகுன்-ரிக்காகப் பல பத்தாண்டுகள் மனுப்போட்டவர் தென்கொரியப் போலீஸில் பணியாற்றியவர், வடக்கின் ஆள் இல்லை. உயிர்தப்பியவர்கள் கேட்டதும் அமெரிக்கா தோற்க வேண்டும் என்பதை இல்லை. நடந்தது நடந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை. 2022இல் வாஷிங்டனில் திறக்கப்பட்ட கொரியப் போர் நினைவுச் சுவரில் 36,634 அமெரிக்கர்களின் பெயர்களோடு, அமெரிக்கப் படையோடு இணைந்து போரிட்டு இறந்த 7,174 கொரியர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அரசு ஒன்று இவ்வளவு தூரம் வந்ததே பெரிது. குடிமக்களின் பெயர்களுக்கு அந்தச் சுவரில் இடமில்லை, அதை அரசிடம் எதிர்பார்ப்பதும் கடினம். சபையின் ஜெபத்துக்கு அப்படிப்பட்ட எல்லை எதுவும் இல்லை.

இதற்கெல்லாம் அவசரம் ஏன் என்றால், இன்னும் சில வருடங்களில் விருந்துக்கு அழைக்க அந்தப் போரின் வீரர் யாரும் இருக்கமாட்டார்கள். ஹன்போக் உடுத்திப் பாடிய பிள்ளைகள் மட்டும் இருப்பார்கள். அவர்களில் சிலர் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் அமெரிக்கச் சீருடையில் போய் வந்துவிட்டார்கள். இனி வரப்போகும் போர்களுக்கும் போவார்கள். எங்கோ ஒரு நாட்டில், அகதிகள் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியோடு நிற்கும் நேரம் அவர்களில் ஒருவனுக்கு வரலாம். ஜூன் மாத ஞாயிறுகளில் அவன் கேட்டு வளர்ந்தது கப்பலை மட்டும் என்றால், தன் பக்கத்து வீரன் என்றாலே காப்பாற்றுபவன்தான் என்ற நினைப்போடு அங்கே நிற்பான். பாலத்தையும் கேட்டு வளர்ந்தவனுக்கு, தான் எந்தப் பக்கமும் போகக்கூடியவன் என்பது முன்பே தெரிந்திருக்கும்.